கஷ்டத்துக்கு அளவுகோல் கண்டவர்!

குட்டீஸ்! "இந்தக் கணக்கு ரொம்பக் கஷ்டம்!" என்று ஒரு தடவையாவது சொல்லாதவர் யாராவது உங்கள் வகுப்பில் உண்டா? நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவைக் கடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். பக்கத்து வீட்டு அக்கா வந்து இரண்டே வரியில் போட்டுக் காட்டிவிடுவார். "அட, இவ்வளவுதானா!" என்று ஆகிவிடும்.

அப்படியானால், இவ்வளவு நேரம் அந்தக் கஷ்டம் எங்கே இருந்தது? கணக்கிலா, நம்மிடமா?

வழி தெரியாததால் நமக்கு மட்டும் கஷ்டமாகத் தெரிந்ததா? அல்லது யார் போட்டாலும், எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் போட்டாலும் கஷ்டமாகவே இருக்கும் கணக்குகள் உண்டா? நீளத்தை அளக்க ஸ்கேல் இருக்கிறது. எடையை அளக்கத் தராசு இருக்கிறது. கஷ்டத்தை அளக்க என்ன இருக்கிறது?

விளையாட்டுக் கேள்வி போலத் தெரிகிறதா? இந்தக் கேள்வியை முதன்முதலில் ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் மைக்கேல் ராபின். கம்ப்யூட்டர் துறையின் நோபல் பரிசு என்று சொல்லப்படும் டூரிங் விருதைப் பெற்றவர். அவர் கதையைக் கேட்போமா?

வகுப்புக்கு வெளியே ஒரு பாடம்

ராபின் 1931-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். இன்று அந்த நகரம் போலந்து நாட்டில் இருக்கிறது. அப்பா யூத மதகுரு. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களுக்கு அங்கே வாழ்வதே ஆபத்தாகிவிட்டது. 1935-இல் ராபின் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பி, அப்போது பாலஸ்தீனத்தில் இருந்த ஹைஃபா என்ற துறைமுக நகருக்குக் குடியேறியது. குட்டி ராபின் அப்போது சின்னஞ்சிறு பையன்.

நுண்ணுயிர்களைத் தேடிக் கண்டுபிடித்த விஞ்ஞானிகளைப் பற்றி ஒரு புத்தகத்தைச் சின்ன வயதில் படித்தான் ராபின். அதிலிருந்து நுண்ணுயிர் விஞ்ஞானி ஆக வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. கணக்கின் மேல் தனியாக ஆசை ஒன்றும் இல்லை.

ஆனால், பதினோரு பன்னிரண்டு வயதில் ஒருநாள் நடந்த சம்பவம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அன்று அவனை வகுப்பை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். சும்மா நிற்காமல் நடந்து வந்தவன், வராந்தாவில் ஒன்பதாம் வகுப்பு அண்ணன்கள் இரண்டு பேர் ஜியோமிதிக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். "என்ன அது?" என்று கேட்டான். அவர்களுக்குப் பிடிபடாத ஒரு கணக்கை அவனிடமே காட்டினார்கள். பையன் அதைப் போட்டுவிட்டான்!

கணக்கு வந்துவிட்டது என்பதைவிட வேறொன்றுதான் அவனை அதிகமாக வியக்க வைத்தது. கையில் அளவுகோல் கூட இல்லை. வெறும் யோசனையை வைத்தே, கோடும் வட்டமும் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதே! 'இனி நமக்குக் கணக்குதான்' என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

1948-இல் அங்கே போர் மூண்டது. பள்ளிப் படிப்பை முடித்திருந்த ராபின் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார். ஜெருசலேமில் இருந்த ஆபிரகாம் ஃபிராங்கல் என்ற பெரிய கணித மேதைக்கு இந்த இளைஞனின் திறமை தெரியவந்தது. "இந்தப் பையன் படிக்க வேண்டியவன்" என்று அவர் எடுத்துச் சொன்ன பிறகு ராணுவம் ராபினை விடுவித்தது. ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டிய பேராசிரியர் அலோன்சோ சர்ச். கம்ப்யூட்டர் அறிவியலின் தந்தை எனப்படும் ஆலன் டூரிங்குக்கும் அவர்தான் வழிகாட்டி!

மூணே வட்டம் போதும்!

1957-ஆம் ஆண்டு கோடை. ஐ.பி.எம். நிறுவனம் சில இளம் ஆராய்ச்சியாளர்களை அழைத்து, உங்களுக்குப் பிடித்ததை ஆராயுங்கள் என்று விட்டுவிட்டது. அங்கே ராபினும், பிரின்ஸ்டனில் படித்த டேனா ஸ்காட் என்ற நண்பரும் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினார்கள். மிகமிகக் குறைந்த ஞாபகசக்தி உள்ள ஓர் இயந்திரத்தால் என்னென்ன செய்ய முடியும் என்று பார்ப்பதுதான் அது. இப்படிப்பட்ட கற்பனை இயந்திரங்களுக்குத் 'தானியங்கி' என்று பெயர். ஆங்கிலத்தில் 'ஆட்டோமேட்டான்' என்பார்கள்.

நீங்களே ஒரு தானியங்கி ஆகலாம், வாருங்கள். வாசலில் சாக்பீஸால் மூன்று வட்டங்களை முக்கோணமாக வரையுங்கள். அவற்றில் வரிசையாக 0, 1, 2 என்று எழுதுங்கள். நீங்கள் 0 வட்டத்தில் நில்லுங்கள். நண்பர் ஒருவர் ஒரு பெரிய எண்ணை மனதில் நினைத்து, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லட்டும். அவர் எந்த இலக்கத்தைச் சொல்கிறாரோ, அத்தனை தடவை வட்டம் விட்டு வட்டம் தாவுங்கள். 2-க்கு அடுத்து மறுபடி 0.

அவர் நினைத்த எண் 4172 என்று வைத்துக்கொள்வோம். '4' என்றதும் நாலு தாவு, 1-இல் நிற்பீர்கள். அடுத்து '1'; 2-க்கு வருவீர்கள். அடுத்து '7', ஏழு தாவினால் 0. கடைசியாக '2', 2-இல் வந்து நிற்பீர்கள். நின்ற இடம் 0 வட்டமாக இருந்தால் அந்த எண் 3-ஆல் மீதியில்லாமல் வகுபடும். இல்லாவிட்டால் வகுபடாது, வட்டத்தின் எண்தான் மீதி! 4172-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 2 வருகிறதா?

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நண்பர் சொன்ன எண்ணை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவே இல்லை. எந்த வட்டத்தில் நிற்கிறீர்கள் என்பது மட்டும்தான் உங்கள் ஞாபகம். ஆயிரம் இலக்க எண்ணாக இருந்தாலும் மூணே வட்டம் போதும்!

லிஃப்ட், மெட்ரோ ரயில் நிலையத்தின் தானியங்கிக் கதவு எல்லாம் இப்படித்தான் யோசிக்கின்றன. கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடச் சொல்கிறீர்களே, அதற்குப் பின்னாலும் பல சமயம் இந்தத் தானியங்கிதான் இருக்கிறது.

கூட்ஸ் ரயிலும் ஊகமும்

ராபினும் ஸ்காட்டும் இதோடு நிற்கவில்லை. ஊகிக்கத் தெரிந்த தானியங்கி ஒன்றைக் கற்பனை செய்தார்கள். அது என்ன?

ரயில்வே கேட்டில் நிற்கிறீர்கள். நீளமான கூட்ஸ் ரயில் போகிறது. 'கடைசியிலிருந்து மூன்றாவது வேகன் சிவப்பா, இல்லையா?' என்பது போட்டி. ரயில் எங்கே முடியும் என்று முன்கூட்டித் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. என்ன செய்வீர்கள்?

தனியாக நின்றால், கடைசியாகப் போன மூன்று வேகன்களும் சிவப்பா, இல்லையா என்பதை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு. 2 x 2 x 2 = 8 விதமான ஞாபகம். அதாவது எட்டு வட்டம் வேண்டும்.

நண்பர்கள் கூட்டம் இருந்தால் வேறு வழி உண்டு. ஒவ்வொரு சிவப்பு வேகன் வரும்போதும் ஒரு நண்பர், "இதுதான் கடைசியிலிருந்து மூன்றாவது!" என்று துணிந்து ஊகிக்க வேண்டும். அதற்கப்புறம் இரண்டே வேகன் எண்ண வேண்டும். சரியாக அங்கே ரயில் முடிந்தால் ஜெயம். முடியாவிட்டால் அவர் அவுட். யாராவது ஒருவர் ஜெயித்தால் போதும், பதில் 'சிவப்பு'. இந்த ஆட்டத்துக்கு நாலு வட்டம் போதும்: காத்திருக்க ஒன்று, எண்ணுவதற்கு மூன்று.

கேள்வியைக் 'கடைசியிலிருந்து பத்தாவது வேகன்' என்று மாற்றினால்? ஊகிக்கும் கூட்டத்துக்கு 11 வட்டம். தனியாக நிற்பவருக்கோ 1,024 வட்டம்!

ஊகிப்பதால் முடியாத காரியம் எதுவும் முடிந்துவிடாது, வட்டங்களின் எண்ணிக்கைதான் குறையும் என்று இருவரும் நிரூபித்தார்கள். ஊகிக்கும் தானியங்கி செய்யும் எதையும் சாதாரணத் தானியங்கியும் செய்துவிடும். கொஞ்சம், சில சமயம் ரொம்பவே, பெரிதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். 1959-இல் வெளியான இந்தக் கட்டுரைக்காகத்தான் 1976-இல் இருவருக்கும் சேர்த்து டூரிங் விருது கிடைத்தது.

உளவாளிப் புதிர்

அடுத்த கோடையிலும் ராபின் ஐ.பி.எம். போனார். அங்கே ஜான் மெக்கார்த்தி என்ற விஞ்ஞானி ஒரு புதிர் போட்டார். 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரை இந்த உலகுக்குக் கொடுத்தவர் இவர்தான்.

புதிர் இதுதான். எதிரி நாட்டுக்குப் போன நம் உளவாளிகள் இரவில் எல்லை தாண்டித் திரும்பி வருகிறார்கள். ரகசிய வார்த்தை சொன்னால்தான் எல்லைக் காவலர் உள்ளே விடுவார், இல்லாவிட்டால் சுட்டுவிடுவார். ஆனால், காவலர்களிடம் ஒரு குறை. நல்லவர்கள்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. வம்பு பேசும் இடத்தில் ரகசியத்தை உளறிவிடுவார்கள். அது எதிரியின் காதுக்குப் போய்விடும். காவலர் உளறினாலும் ஆபத்து வராத ரகசிய வார்த்தை உண்டா?

மெக்கார்த்தியே ஒரு வழி சொன்னார். உளவாளியிடம் ஓர் எண்ணைக் கொடுப்போம். 4321 என்று வையுங்கள். அதன் வர்க்கம் 18671041. நடுவில் இருக்கும் நாலு இலக்கங்கள் 6710. காவலரிடம் 6710-ஐ மட்டும் கொடுப்போம். உளவாளி வந்து "4321" என்று சொன்னதும், காவலர் பெருக்கிப் பார்ப்பார். நடுவில் 6710 வந்தால் உள்ளே விடுவார். காவலர் '6710' என்று ஊருக்கே உளறினாலும், அதிலிருந்து 4321-ஐக் கண்டுபிடிப்பது எளிதல்ல. நாலு இலக்கமாக இருந்தால் எதிரி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். நூறு இலக்கமாக இருந்தால்?

போவதற்குச் சுலபம், திரும்பி வருவதற்குக் கஷ்டம். உங்கள் அம்மா மிக்ஸியில் சட்னி அரைப்பது போல! தேங்காயைச் சட்னியாக்கலாம்; சட்னியைத் தேங்காயாக்க முடியுமா? நீங்கள் இன்று ஏதாவது கணக்கைத் திறக்கப் பாஸ்வேர்டு போடுகிறீர்களே, நல்ல கம்ப்யூட்டர்களில் அதுவும் இப்படிச் 'சட்னியாக்கி'த்தான் சேமிக்கப்படுகிறது.

எல்லோரும் புதிரை ரசித்தார்கள். ராபினோ ஒரு படி மேலே போய்க் கேட்டார்: "திரும்பி வருவது கஷ்டம் என்கிறோமே, அது உண்மையிலேயே கஷ்டமா? அல்லது நமக்கு வழி தெரியவில்லையா? கஷ்டம் என்றால் என்ன?"

பார்த்தீர்களா, நாம் ஆரம்பத்தில் கேட்ட அதே கேள்வி!

அடிகளை எண்ணு!

கஷ்டத்தை எப்படி அளப்பது? நிமிடக் கணக்கில் அளந்தால் சரிவராது. இந்த வருடக் கம்ப்யூட்டரைவிட அடுத்த வருடக் கம்ப்யூட்டர் வேகமாகப் போட்டுவிடும். அதனால் நேரத்தை விட்டுவிட்டு, எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும்.

பத்து இலக்க எண்கள் இரண்டைக் கூட்ட, சுமார் பத்துச் சின்னக் கூட்டல். நூறு இலக்கம் என்றால் நூறு. பள்ளியில் சொல்லித் தந்த முறையில் பெருக்கினால்? பத்து இலக்கத்துக்கு 100 சின்னப் பெருக்கல். நூறு இலக்கத்துக்கு 10,000! கணக்கு பெரிதாகும்போது அடிகள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதுதான் கஷ்டத்தின் அளவுகோல்.

இந்தத் திசையில் ராபின் 1960-இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். 1965-இல் ஜூரிஸ் ஹார்ட்மானிஸ், ரிச்சர்ட் ஸ்டேர்ன்ஸ் என்ற இருவர் இதைத் தனிப் பாடமாகவே வளர்த்து, 'கணிப்புச் சிக்கல்' என்று பெயரும் வைத்தார்கள்.

சரி, யார் போட்டாலும் கஷ்டமாகவே இருக்கும் கணக்கு உண்டா? உண்டு! முழு எண்கள், கூட்டல், இவற்றை மட்டும் வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். உதாரணமாக, 'எந்த எண்ணை எடுத்தாலும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு.' அது சரியா, தவறா என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா வாக்கியங்களுக்கும் பதில் சொல்லும் வழி ஒன்று 1929-லேயே தெரியும். ஆனால், 1974-இல் மைக்கேல் ஃபிஷர் என்பவரும் ராபினும் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். வாக்கியம் நீள நீள, தேவைப்படும் அடிகள் 2, 4, 16, 256, 65536 என்ற வரிசையைப் போலத் தாவித் தாவி ஏறியே தீரும். இனி எவ்வளவு பெரிய அறிவாளி பிறந்து வந்து புது வழி கண்டுபிடித்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது என்று நிரூபித்தார்கள்!

ஆக, சில கணக்குகளில் கஷ்டம் கணக்கிலேயேதான் இருக்கிறது. நம் மேல் தப்பில்லை!

பானைச் சோறும் பகா எண்ணும்

இன்னொரு கதையும் இருக்கிறது. கஷ்டம் என்று எல்லோரும் நினைத்த ஒரு கணக்கு, கஷ்டமே இல்லை என்று ஆன கதை.

2, 3, 5, 7, 11 போன்றவை பகா எண்கள். சின்ன எண் என்றால் வகுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். நூறு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, 'இது பகா எண்ணா?' என்று கேட்டால்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க உலகத்தின் வயதே போதாது.

குறுக்கு வழி ஒன்று ஃபெர்மா என்ற கணித மேதை காலத்திலிருந்தே தெரியும். 15-ஐ எடுங்கள். ஒன்று குறைத்தால் 14. இரண்டைப் பதினான்கு தடவை பெருக்கினால் 16384. அதை 15-ஆல் வகுத்தால் மீதி 4. பகா எண்ணாக இருந்தால் மீதி 1 வந்திருக்க வேண்டும். அதனால் 15 நிச்சயம் பகா எண் அல்ல. கவனித்தீர்களா? 3 x 5 என்று பிரிக்காமலே சொல்லிவிட்டோம்! இங்கே 2 என்ற எண், 15-க்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

ஆனால், எல்லாச் சாட்சியையும் நம்ப முடியாது. 341 என்பது 11 x 31. பகா எண் அல்ல. ஆனால் 2-ஐச் சாட்சிக்கு அழைத்தால், மீதி 1 வந்து நம்மை ஏமாற்றிவிடும்! கேரி மில்லர் என்ற இளைஞர் இந்தச் சோதனையை இன்னும் கெட்டிப்படுத்தினார். ஆனால், அவர் முறை தவறாது என்று சொல்வதற்கு, இன்று வரை நிரூபிக்கப்படாத ஒரு கணித ஊகத்தை நம்ப வேண்டியிருந்தது.

1975-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு வந்த ராபின், அந்தச் சோதனையை வேறு விதமாகப் பார்த்தார். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்களே, அதே யோசனை. எந்தச் சாட்சியை அழைப்பது என்று நாமாக முடிவு செய்யாமல், சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தால் என்ன?

பகா எண் அல்லாத எந்த எண்ணை எடுத்தாலும், சாட்சிகளில் நான்கில் மூன்று பங்காவது இந்தச் சோதனையில் உண்மையைப் போட்டு உடைத்துவிடும் என்று நிரூபித்தார் ராபின். குலுக்கி எடுத்த சாட்சி நம்மை ஏமாற்றும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் இல்லை. இரண்டு சாட்சிகளும் ஏமாற்ற, 16-இல் ஒன்று. பத்துச் சாட்சிகளும் ஒன்றுசேர்ந்து ஏமாற்ற? பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு! சந்தேகம் தீரவில்லையா? இன்னும் பத்துப் பேரைக் கூப்பிட வேண்டியதுதான்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். 2-ஐ 400 தடவை பெருக்கி, அதிலிருந்து 593-ஐக் கழித்தால் வருவது 121 இலக்க எண். அது பகா எண் என்று அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரே சீக்கிரமாகச் சொல்லிவிட்டது.

'கணிதத்தில் குலுக்கல் சீட்டா?' என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால், பாதுகாப்பான இணைய வணிகம், வங்கிப் பரிமாற்றம் போன்றவற்றுக்குப் பெரிய பெரிய பகா எண்கள் தேவைப்பட்டபோது, கைகொடுத்தது இந்த மில்லர்-ராபின் சோதனைதான்.

குலுக்கல் இல்லாமலே, நூற்றுக்கு நூறு நிச்சயமாகச் சொல்லும் வேகமான வழி உண்டா? உண்டு என்று 2002-இல் நிரூபித்தவர்கள் நம் நாட்டுக்காரர்கள்! கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவருடைய இளம் மாணவர்கள் நீரஜ் கயாலும், நிதின் சக்சேனாவும்தான் அந்த மூவர். உலகமே கைதட்டியது. ஆனாலும் அன்றாட வேலைக்கு ராபினின் குலுக்கல் வழியே அதிக வேகம் என்பதால், கம்ப்யூட்டர்கள் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகின்றன.

ஜெருசலேமிலும், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தார் ராபின். அவருடைய மகள் டால் ராபினும் ரகசியக் குறியீடுகளை ஆராயும் விஞ்ஞானி ஆனார். எல்லாம் சரி, அந்த உளவாளிப் புதிர் என்ன ஆனது? 'போக எளிது, திரும்பக் கஷ்டம்' என்று நாம் பயன்படுத்தும் வழிகள் உண்மையிலேயே கஷ்டமா, இல்லை நமக்குத்தான் வழி தெரியவில்லையா என்பதை இன்று வரை யாரும் நிரூபிக்கவில்லை. அந்தக் கேள்வி உங்களுக்காகக் காத்திருக்கிறது!

அதனால் குட்டீஸ், அடுத்த தடவை "இந்தக் கணக்கு கஷ்டம்" என்று சொல்ல வாய் வரும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். "இது கணக்கின் கஷ்டமா, என் கஷ்டமா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுப்பாடத்தில் இருப்பது அநேகமாக இரண்டாவது வகைதான். பக்கத்து வீட்டு அக்கா வருவதற்குள் வேறொரு வழியில் முயன்று பாருங்களேன்!

செய்து பாருங்கள்

1. மூன்று வட்ட ஆட்டத்தில் 52614 என்ற எண்ணுக்குத் தாவினால் எந்த வட்டத்தில் நிற்பீர்கள்?

2. 5-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று சொல்ல, இரண்டே வட்டத்தில் ஒரு தானியங்கி செய்ய முடியுமா?

3. 13 பகா எண்தானா? 2-ஐச் சாட்சிக்குக் கூப்பிட்டு, மீதி என்ன என்று பாருங்கள்.

விடைகள்: 1. வட்டம் 0, 3-ஆல் வகுபடும். 2. முடியும். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு வட்டம் போடுங்கள். 0 அல்லது 5 என்ற இலக்கம் வந்தால் 'ஆம்' வட்டத்துக்கும், வேறு எது வந்தாலும் 'இல்லை' வட்டத்துக்கும் போங்கள். எண் முடியும்போது நிற்கும் வட்டமே பதில். 3. இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் 4096. அதை 13-ஆல் வகுத்தால் மீதி 1. சாட்சி 13-க்கு எதிராக எதுவும் சொல்லவில்லை!